வெட்டியவனே எழுப்ப வேண்டும்

கதிர், என் ஐயா,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பருப்பு அடிபிடித்தது உன் அப்பா வந்து சொல்லித்தான் தெரிந்தது. கனடாவுக்குப் போய் இறங்கியதும் உனக்குக் காத்திருக்கும் முதல் சண்டையைப் பற்றி நீ பேச்சுவாக்கில் சொன்னாய். உங்கள் கம்பெனி செய்யப் போகும் புது கம்ப்யூட்டர் விளையாட்டில், ஆடுகிறவர்கள் ஆளை ஆள் வெட்டிக்கொள்ள விட வேண்டும் என்று அங்கே பாதிப் பேர் சொல்கிறார்களாம். பாதிப் பேர் அது கூடாது, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து கதையை முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்களாம். "நான் எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லலம்மா" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சரி விடு, உனக்கு இதெல்லாம் புரியாது லா" என்று வேறு சொன்னாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இது போனுக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளின் பிற்பகுதியில், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடை வீட்டின் மேல்மாடியில் எனக்கென்று ஒரு உலகம் இருந்தது. அதில் ஆறு ஓடியது, முதலை இருந்தது, ஆட்கள் செத்தார்கள், எழுந்தார்கள். நீ இப்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறாயே, அதே கேள்வி அந்த மாடியில் எனக்கு வந்தது. அதற்குப் பதில் கிடைத்த கதையை உனக்கு யாரும் சொன்னதில்லை. உன் அப்பாவும் நானும் எப்படிச் சந்தித்தோம் என்று கேட்டால் "வேலை விஷயமா" என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

நான் அப்போது கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, கோலசிலாங்கூரில் லிம் என்பவருடைய கம்ப்யூட்டர் வகுப்பில் டீச்சராக இருந்தேன். லிம் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். கீழே மின்சாமான் கடை, மேலே வகுப்பு. எங்கோ மூடிய ஓர் அலுவலகத்திலிருந்து அவர் ஒரு பெரிய பெட்டியை வாங்கி வந்திருந்தார். அந்தப் பெட்டியோடு நான்கு திரைகளைக் கம்பி போட்டு இணைத்திருந்தார்கள். நான்கு திரைக்கும் மூளை ஒன்றே. ஒரு திரையில் தட்டுவதை இன்னொரு திரையில் காட்டலாம் என்று எனக்குப் புரிந்த நாளன்று நான் சாப்பிடக் கீழே இறங்கவே இல்லை. பிள்ளைகள் தட்டச்சு பழகச் சலித்துக்கொள்கிறார்களே, விளையாட்டாகப் பழகட்டும் என்று லிம்மிடம் சொல்லித்தான் ஆரம்பித்தேன். உண்மையில் எனக்கே ஆசை.

படம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தமிழ் எழுத்து அப்போது அந்தப் பெட்டிக்குத் தெரியாது, அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். "நீ படகுத்துறையில் நிற்கிறாய். வடக்கே கோட்டை மலை. கிழக்கே சதுப்பு" என்று திரை சொல்லும். "வடக்கு" என்று தட்டினால் மலையடிவாரத்துக்குப் போவாய். அங்கே இன்னொருவர் இருந்தால் அவர் பெயரைக் காட்டும். நீ பேசினால் அவருக்குக் கேட்கும். கதை என்னவென்றால், மலைமேல் இருக்கிற கலங்கரை விளக்கு அணைந்துவிட்டது. ஆற்று வாயில் ஒரு கப்பல் இருட்டில் தவிக்கிறது. கோட்டைக் கதவைத் திறந்து, எண்ணெய் எடுத்து, விளக்கு மாடத்துக்கு ஏறி விளக்கை ஏற்ற வேண்டும். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, ஒருவர் கண்ணாடியைத் திருப்ப, ஒருவர் எண்ணெய் ஊற்ற, ஒருவர் தீ வைக்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை செய்தால்தான் எரியும்படி வைத்திருந்தேன். சதுப்பில் ஒரு முதலை. அதைச் சமாளிக்க "வெட்டு" என்று ஒரு கட்டளை எழுதினேன்.

முதலைக்காக எழுதிய கட்டளை அது, ஐயா. ஆனால் முதலையை மட்டும்தான் வெட்டலாம் என்று பெட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் சனிக்கிழமை மதியமே செல்வம் என்பவன் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு "வெட்டு குமார்" என்று தட்டினான். பெட்டி ஒரு நொடி யோசித்தது. "குமார் செத்தான்" என்றது. அறையின் மறுகோடியில் குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பிறகு குமார் உட்கார்ந்தான், படகுத்துறையிலிருந்து மறுபடி தொடங்கி, வடக்கே ஏறி வந்து, "வெட்டு செல்வம்" என்று தட்டினான். அந்த மதியம் முழுக்க வேறு எதுவும் நடக்கவில்லை. விளக்கை யாரும் தேடவில்லை. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், இன்னொரு பக்கம் உடம்பெல்லாம் பறக்கிறது. நான் எழுதாத ஒன்றை என் உலகம் தானாகச் செய்துவிட்டது.

செல்வமும் குமாரும் யார் என்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி. புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீடு. செல்வம் ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை. குமார் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிறவன். தோட்டத்து உறுமி மேளத்துக்கு செல்வம்தான் தலைவன். ஒரு திருவிழா ஊர்வலத்தில், சாமி நடுத்தெருவில் நிற்க, "தாளம் தப்புது" என்று சொல்லி செல்வம் தம்பி கழுத்திலிருந்து மேளத்தை எல்லாரும் பார்க்கக் கழற்றிவிட்டான். மறுவாரமே குமார் பக்கத்து ஊர் ஈஜோக் ஆட்களின் மேளத்தில் போய்ச் சேர்ந்தான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே பானைச் சோறு, ஒரே கூரை, ஒரு சொல் இல்லை. "தண்ணி சொம்ப எடுக்கச் சொல்லும்மா" என்று செல்வம் சொல்வானாம். சொம்பு குமாரின் கால் அருகில் இருக்குமாம். அவர்கள் அம்மா பாக்கியம் அக்காதான் இரண்டு பேரையும் வகுப்பில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்ட அன்றே என்னிடம் சொன்னார்: "டீச்சர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வெக்காதீங்க. ஒக்காந்தாலும் பேசாதுங்க, நமக்குத்தான் நெஞ்சு வலிக்கும்."

மூன்றாவது திரை ஜெயாவுடையது. தையல் கடையில் வேலை செய்த பெண், வெட்டுக்குத்து அறவே பிடிக்காது. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் படிப்பாள். "சுவரில் பாசி" என்று எழுதியிருந்தால் பாசியைச் சுரண்டிப் பார்ப்பாள். ஒளித்து வைத்த சாவியை அவள்தான் கண்டுபிடித்தாள். ஆனால் கதவை நெருங்குவதற்குள் இந்த இரண்டு பேரின் சண்டையில் மாட்டிச் செத்துவிடுவாள், சாவியும் போய்விடும். "டீச்சர், நான் கதவத் தொறக்குறதுக்குள்ள இதுங்க வந்து என்னையும் சேத்து வெட்டிப்புடுதுங்க. எனக்குக் கதை முடியணும் டீச்சர்" என்பாள். உன் கம்பெனியில் பாதிப் பேர் ஜெயா, பாதிப் பேர் செல்வம்.

நான்காவது திரையில் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவது இருக்கை ஒன்றும் உண்டு, அது அறையில் இல்லை. தோட்ட ஆபீஸ்களின் சம்பளக் கணக்கை நம் பெட்டியில் போட்டுத் தரலாம் என்று லிம் ஒரு மோடம் வாங்கியிருந்தார். ஈஜோக் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் ஒன்று மட்டும் அதற்கு ஒத்துக்கொண்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அங்கிருந்து கணக்கு வரும். ஒரு சனிக்கிழமை, கணக்கு வந்து முடிந்த பிறகும் லைன் அறுந்துபோகவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: "அங்க என்ன சத்தம் டீச்சர். எனக்கும் ஒரு எடம் கொடுங்க." தன் பெயரை நரி என்று போட்டுக்கொண்டான். அந்த ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. பெரிய கிராணி கஞ்சி போட்ட கால்சட்டையோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டு, "அந்த மரத்துக்குப் பின்னால ஒளிடா, வரட்டும், வெட்டு" என்று சொல்லிக் கொடுப்பாராம். நரி யாரையும் நேருக்கு நேர் எதிர்க்க மாட்டான். முதுகுப் பக்கம் வந்து வெட்டிவிட்டு, "மன்னிக்கணும்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு யார் இவன் என்று யோசிப்பேன். ஆமாம், உன் அப்பாதான்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. சனிக்கிழமை மதியம் வந்தால் மாடிப்படியில் காலடிச் சத்தம் தடதடக்கும். ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் செல்வம் சீருடையோடு வந்துவிடுவான். குமார் செம்பனை முள் குத்திய விரலோடு தட்டுவான். வாரநாளில் தட்டச்சுப் பாடத்தில் ஆமையாக ஊர்ந்தவர்கள், சனிக்கிழமை யார் முதலில் "வெட்டு" அடிப்பது என்ற போட்டியில் குதிரையாக ஓடினார்கள். நான் வாரம் முழுக்க அவர்களுக்காக எழுதுவேன். மலைக்குக் குரங்குகள் வைத்தேன், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். சதுப்பில் மின்மினி மரங்கள் வைத்தேன், அதன் கீழே நின்றால் ஒளிந்திருப்பவன் தெரிந்துவிடுவான். நரி அடுத்த வாரம் அந்த மரத்தைச் சுற்றிப் போக வேறு வழி கண்டுபிடித்திருப்பான்.

பிறகு அந்த எண்ணெய் டின் சம்பவம் வந்தது. குமார் எப்படியோ ஜெயாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். அவள் கதவைத் திறக்க அவன் காவல். வாரக்கணக்கில் இரண்டு பேரும் பாடுபட்டு, முதன்முறையாகக் கோட்டைக்குள் போய் எண்ணெயை எடுத்துவிட்டார்கள். விளக்கு மாடத்தின் படி தெரிகிற தூரம். அங்கே செல்வம் காத்திருந்தான். "வெட்டு குமார்." எண்ணெய், சாவி, கத்தி, எல்லாம் போய் குமார் வெறுங்கையோடு படகுத்துறையில் நின்றான். செல்வம் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. குமார் விசைப்பலகையைக் கம்பியோடு பிடுங்கி எறிந்தான். மாடிப்படியில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். கீழே லிம்மின் கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. செல்வத்தின் உதடு கிழிந்தது. அடித்துக்கொண்டபோதும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லிம் மேலே வந்தார். கத்தவில்லை. "டீச்சரம்மா, பெட்டி என்னோடது லா. ஒன்னு சண்ட போகணும், இல்ல வெளையாட்டு போகணும். நீயே சொல்லு" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அன்றே உட்கார்ந்து "வெட்டு" என்ற கட்டளையை எடுத்துவிட்டேன். முதலையைக் கூடப் பல்லில்லாத முதலையாக்கிவிட்டேன். ஜெயா கைதட்டினாள். நானும் நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை நரி "வேலை இருக்கு" என்று லைனை வைத்துவிட்டான். குமார் தட்டச்சுப் பாடத்தை மட்டும் முடித்துக்கொண்டு இறங்கிப் போனான். செல்வம் மலையடிவாரத்தில் நின்றுகொண்டே இருப்பான், ஓர் அடி நகர மாட்டான். ஜெயா மட்டும் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒருநாள் அவளே கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், கதவத் தொறக்குறேன், உள்ள போறேன், எண்ணெய எடுக்குறேன். யாரும் வரமாட்றாங்க. பயம் இல்லாம போனதுல கதவு தொறந்த மாதிரியே இல்ல" என்றாள். வெட்டே வேண்டாம் என்றவள் அவள்தான். அவளே அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரத்தில் பாக்கியம் அக்கா வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு பை பிசாங் கோரெங், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், எனக்கு. படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்னே பேச ஆரம்பித்துவிட்டார். "டீச்சர், கோவிச்சிக்காதீங்க. அந்த வெட்டுற வெளையாட்ட ஏன் எடுத்தீங்க?"

"அடிச்சிக்கிட்டாங்களே அக்கா. ஒதடு கிழிஞ்சி போச்சே."

"ஒதடு ஒரு வாரத்துல ஆறிப்போச்சு. நீங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும். அது இருந்தப்ப சனிக்கெழம ராத்திரிச் சோத்துல பெரியவன் என்கிட்டச் சொல்லுவான், 'இன்னைக்கு ஒருத்தன முதலக்கிட்ட மாட்டி விட்டேம்மா'ன்னு. சின்னவன் என்கிட்டச் சொல்லுவான், 'ஒருத்தனுக்கு முதுகுல கண்ணே இல்லம்மா'ன்னு. என்கிட்டத்தான் சொல்லுவானுங்க, ஆனா ஒருத்தன் கேக்கணும்னுதான் இன்னொருத்தன் சொல்லுவான். வீட்ல சத்தம் இருந்துச்சு டீச்சர். இப்ப தட்டு சத்தம் மட்டும்தான்." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்னவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான். இன்னும் ரெண்டு வாரத்துல பஸ்ஸு. அண்ணங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான். பெரியவன் ஒருநாள் எந்திரிச்சுப் பாத்தா தம்பி பாய் காலியா இருக்கும். அத நான் எப்படித் தாங்குவேன்?"

அவர் போன பிறகு அந்தப் பலகாரம் அப்படியே ஆறியது. எனக்கு அதுவரை சண்டை என்றால் கெடுதல், கதை என்றால் நல்லது. அந்த இரண்டு பேருக்கும் இருந்த ஒரே பேச்சு "வெட்டு" என்ற அந்த ஒரு சொல்தான், அதைப் பிடுங்கியவள் நான் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அப்படியே திருப்பிக் கொடுத்தால் மறுபடி படிக்கட்டில் புரளுவார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது ஈஜோக் கணக்கு வர ஆரம்பித்தது. கணக்கு முடிந்ததும் நான்தான் முதலில் தட்டினேன்: "நரி, இருக்கீங்களா." இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், பெயர் மட்டும் சொல்லாமல். பதில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "வெட்டுறது தப்பு இல்ல டீச்சர். செத்தவன் மறைஞ்சு போறான் பாருங்க, அதுதான் தப்பு. வெட்டுனவன் சிரிச்சிட்டுப் போயிடுறான். செத்தவன் அங்கேயே கெடக்கட்டும். பேசட்டும். வெட்டுனவன் வந்து எழுப்புனாத்தான் எந்திரிக்கணும். வேற யாராலயும் முடியக் கூடாது."

முதுகில் வெட்டுகிற நரி சொன்னது அது. நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். அன்றிலிருந்து வெறி பிடித்த மாதிரி எழுதினேன். விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடப்பான், கண் தெரியும், காது கேட்கும், பேச முடியும், நகர முடியாது. கையில் உள்ளது எதுவும் போகாது. வெட்டியவன் திரும்பி வந்து "எழுப்பு" என்று தட்டினால் எழுவான். எழுப்பாதவரை வெட்டியவனுக்கு விளக்கு மாடத்தின் கதவு திறக்காது. லிம்மிடம் போய்ச் சொன்னேன். அவர் உடைந்த கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி ஒடஞ்சா ஒன் சம்பளத்துல லா" என்றார். சரி என்றேன்.

குமார் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் டெலிபோன் லைனில் குப்பை எழுத்தாகக் கொட்டும், நரி அறுந்துபோவான், நான்கு பேர் இல்லாமல் விளக்கு எரியாது. ஜன்னலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு திரும்பி வந்துவிட்டது, புது விதி இது என்று சொன்னதும் அறையே மாறிவிட்டது. ஜெயா கதவைத் திறந்தாள். நரி முதலையை இழுத்துக்கொண்டு ஓடினான். அதற்குப் பல் திரும்பியிருந்தது. செல்வம் குரங்குகளை விரட்டினான், யாருக்காக என்று தெரியாமல் விரட்டினான். எண்ணெய் குமார் கையில். நான்கு பேரும் மாடத்தின் படி அருகே வந்து சேர்ந்தார்கள். குமார் தட்டினான்: "வெட்டு செல்வம்."

செல்வம் விழுந்தான். அறையில் அவன் முதுகு நிமிர்ந்தது, திரும்பவில்லை. இரண்டு பேரும் இரண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் மட்டும் வரிகள் வருகின்றன.

"எழுப்பு" என்றான் செல்வம்.

"மாட்டேன்."

"ஏன்."

"எந்திரிச்சா போயிடுவ. கெடந்தாத்தான் கேப்ப."

அப்போது நரி ஒரு வரி போட்டான்: "நான் தெற்கே போய் நிக்கிறேன்." போய்விட்டான். ஜெயாவும் "தெற்கு" என்று தட்டினாள். பிறகு நிஜமாகவே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நானும் கண்ணை எடுத்திருக்க வேண்டும். எடுக்க முடியவில்லை, ஐயா.

"சொல்லு" என்றான் செல்வம்.

"எல்லார் முன்னாடியும் கழட்டுன."

"தாளம் தப்புச்சு."

"தப்பல. நீதான் வேகமா போன."

பச்சைக் கட்டம் ஒன்று மின்னி மின்னி நின்றது. கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன.

"ஆமா" என்று வந்தது செல்வத்திடமிருந்து. பிறகு, "சாமி தூக்குனவங்க அவசரப்படுத்துனாங்க. நான்தான் வேகமா போனேன். தெரியும்."

குமார் ஒரே மூச்சாகத் தட்டினான். "சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன் வெள்ளிக்கெழம பஸ்ஸு."

"யாரு கூட."

"தனியா."

"என் பெட்டிய எடுத்துக்க. உன்னோடது ஜிப்பு போயிருச்சு."

குமாரின் தோள் குலுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால், எழுத்து எழுத்தாக, "எழுப்பு செல்வம்" என்று தட்டினான்.

மழை கொட்டத் தொடங்கிவிட்டது. நரியின் வரிகளில் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் கலந்து வந்தன. "சீக்கிரம் சீக்கிரம்" என்று நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். அவன் பாதி குப்பையும் பாதி சொல்லுமாகக் கயிற்றைப் பிடித்தான். ஜன்னலிலிருந்து ஓடி வந்த ஜெயா கண்ணாடியைத் திருப்பினாள். குமார் எண்ணெய் ஊற்றினான். செல்வம் தீ வைத்தான். நான் ஆரம்பத்தில் எழுதிவைத்து, யாரும் பார்க்காமலே கிடந்த அந்தப் பக்கம் எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் ஓடியது, கப்பல் திரும்புகிறது, ஆற்று வாயில் மணி அடிக்கிறது. ஜெயா அழுதாள். லிம் எதுவோ உடைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஓடி வந்தார். நரி கடைசியாக அனுப்பிய வரி குப்பைக்கு நடுவே முழுதாக வந்து சேர்ந்தது: "டீச்சர், உங்க பேரு என்ன." பதில் தட்டுவதற்குள் லைன் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அவரே ஈஜோக்கிலிருந்து பஸ் ஏறி, மழைக்கோட்டோடு படியேறி வந்து, அதே கேள்வியை நேரில் கேட்டார். மீதி உனக்குத் தெரியும், நீயே அதற்குச் சாட்சி.

அண்ணனும் தம்பியும் அன்று படியிறங்கும்போதும் பேசவில்லை. மழை நிற்கும்வரை கடை வாசலில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள். அவரவர் வண்டியில் போனார்கள். பாக்கியம் அக்கா வந்து சொன்னார், குமார் அண்ணனுடைய பெட்டியோடுதான் பஸ் ஏறினானாம். செல்வம் பஸ்ஸடி வரை வந்தானாம். வாய் திறக்கவில்லையாம். "ஆனா பஸ்ஸு போற வரைக்கும் நின்னான் டீச்சர்" என்றார், அதுவே பெரிய வரம் போல.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. வகுப்பில் கூட்டம் இல்லை. செல்வம் தன் திரையில் சும்மா உலாத்திக்கொண்டிருந்தான். ஜெயா சதுப்பில் புதிதாக நான் வைத்த ஏதோ ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டது. குமார். பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அண்ணன் கொடுத்த பெட்டியைச் சுவரோரம் வைத்தான், உதட்டில் விரலை வைத்து எனக்கும் ஜெயாவுக்கும் சைகை காட்டினான், அடிமேல் அடி வைத்துத் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். செல்வத்துக்கு எதுவும் தெரியாது. குமார் படகுத்துறையிலிருந்து வடக்கே ஏறினான், மின்மினி மரத்தைச் சுற்றிக்கொண்டு, நரியிடம் கற்ற வழியில், முதுகுப் பக்கமாக வந்து தட்டினான்.

செல்வம் செத்தான்.

"டேய்" என்று செல்வம் போட்ட சத்தம் கீழே லிம்முக்குக் கேட்டது. நாற்காலியோடு திரும்பினான். "டேய், எப்படா வந்த? எழுப்புடா என்னை."

வாயால் சொன்னது அது. திரையில் இல்லை. குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துக்கொண்டே எழுந்து அறையைக் குறுக்காகக் கடந்து போய், தட்டச்சுப் பலகை எதையும் தொடாமல், அண்ணன் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியிலிருந்து தூக்கினான்.

ஆகவே, ஐயா, அந்த மீட்டிங்கில் உன்னை எந்தப் பக்கம் என்று கேட்டால் அவசரப்பட்டு ஒரு பக்கம் போய் உட்காராதே. ஆளை ஆள் வெட்டட்டும். சேர்ந்து ஏறவும் ஒரு மலை இருக்கட்டும். ஆனால் விழுந்தவனைத் திரையிலிருந்து மறைத்துவிடாதீர்கள், வெட்டியவன் கண்முன்னேயே கிடக்கவிடுங்கள். நாலு கை சேர்ந்து செய்கிற வேலையை நட்புள்ளவர்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், சண்டைக்காரனும் அதில் ஒரு கையாக இருக்கட்டும். உன் கூட வேலை செய்பவர்கள் சிரித்தால், இதைச் செய்து பார்த்த ஒருத்தி இங்கே, நம் வீட்டில், புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறாள் என்று சொல். போன் நம்பரைக் கொடு. நான் பேசுகிறேன், எனக்குப் புரியும்.

அம்மா